காரணம் கேட்ட கட்டம்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் வீட்டில் இத்தனை கேள்வி கேட்கவில்லை. வேலை என்ன, பழக்கவழக்கம் எப்படி, கோபம் வருமா என்று மூன்றோடு முடித்துக்கொண்டார்கள். கணவரின் ஆபீஸ் தரப்போகிற இந்த லேப்டாப் இருபத்திரண்டு கேள்வி கேட்டது. பிராசசர் எது, கிராபிக்ஸ் கார்டு எது, ரேம் எவ்வளவு, ஸ்க்ரீன் பதினான்கு அங்குலமா பதினேழா, பளபளப்பா மங்கலா, கைரேகை வேண்டுமா வேண்டாமா. ஒவ்வொரு வரியையும் தொட்டால் அது நாலைந்து குட்டி போட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ் அனுப்பிய அந்த இணையப் பக்கம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், மகளின் பள்ளிக்கூட லேப்டாப்பில், திறந்தபடியே கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அது மூடிவிடும். அதற்குள் அவள் கணவர் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் மூன்று வருஷத்துக்கு அதுதான்; பிறகு அழுதாலும் மாற்றித் தரமாட்டார்கள்.

அவர் இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். எந்தத் தூணோடு எந்த உத்திரம் சேரும், எத்தனை போல்ட், எந்தத் துளை எங்கே என்று கம்ப்யூட்டருக்குள் முழுக் கட்டடத்தையும் அவர் கட்டி முடித்த பிறகுதான் பட்டறையில் இரும்பையே வெட்டுவார்கள். ஒரு துளை தப்பினாலும் போச்சு. உத்திரம் கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி போன் போட்டு வம்சத்தையே இழுப்பார். பதினாறு வருஷத்தில் தனக்கு அப்படி இரண்டே போன்தான் வந்திருக்கிறது என்று யாரும் கேட்காமலே அவர் சொல்லிக்கொள்வார்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கை வண்டிக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு ஆபரேஷன், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, மெழுகு ஒத்தடம், ரப்பர் பந்து எல்லாம் ஆயிற்று. மணிக்கட்டு அசைந்தது. கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியது. மற்ற நான்கும் சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. போன மாதம் ஆபரேஷன் செய்த டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, வரவேண்டியது வந்துவிட்டது, இனி இருப்பதை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்கவில்லை என்பது மட்டுமில்லை, மூடியும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆறு மணிக்குப் போன் செய்து, "தம்பிக்குக் கை எப்படி இருக்கு, வருதா?" என்று கேட்பார் அவருடைய அக்கா. "கொஞ்சம் கொஞ்சமா வருது அண்ணி" என்று இவள் சொல்வாள். ஆபீஸில் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். வெளியாள் யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கை பேன்ட் பைக்குள் போய்விடும். பேச்சுக்குப் பேச்சு பழமொழி விடுகிற அவள், கை வருகிற பழமொழிகளை எல்லாம் விழுங்கக் கற்றுக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, கையை எடுத்துவிட்டால் நம் பேச்சில் பாதி மிச்சமிருக்காது என்று. கை கொடுத்தான், கை விரித்தான், கை கூடியது. ஒருமுறை அரிசிக்காரனைத் திட்டும்போது, 'கையாலாகாதவன்' என்று பாதி சொல்லி மீதியை இருமி மறைத்தாள்.

ஆபீஸ் பத்து மாதம் பொறுத்தது. இப்போது மேனேஜர் கூப்பிட்டிருந்தார். முதல் தேதி வாருங்கள், ஒரு பெரிய கிடங்கின் கூரை வேலை இருக்கிறது, மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும், நேரத்துக்கு முடிந்தால் உங்கள் பழைய நாற்காலி உங்களுக்குத்தான் என்றார். முடியாவிட்டால், பேப்பர் சரிபார்க்கிற மேசை இருக்கவே இருக்கிறது என்பதையும் தேன் தடவிச் சொன்னார். அந்த மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத மூலையில் இருந்தது. வேலையைவிட்டுப் போகச் சொல்ல மனம் வராதவர்களை ஆபீஸ் அங்கேதான் உட்காரவைக்கும். மற்றவர்கள் வரைந்ததில் டிக் அடிக்க வேண்டியதுதான் வேலை. அங்கே உட்காருவதற்குப் பதில் வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று அவர் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். அதுதான் அவளுக்குப் பயம்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் தம்பி வந்தான். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் இருக்கிறான். அதனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. பாடையில் படுத்திருப்பவரிடம்கூட, பேட்டரி மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பான். மாமனும் மச்சானும் அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"மாமா, கார்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. இருக்கறதுலயே பெருசு போடுங்க."

"போட்டாச்சு மாப்ள. ஸ்க்ரீன் பதினேழு."

"அப்படிப் போடுங்க."

பெரிய ஸ்க்ரீன், பெரிய கார்டு, ரேம் அறுபத்துநாலு, நம்பர் கட்டைகள் தனியாக வைத்த முழுநீளக் கீபோர்டு. எல்லா வரியிலும் உச்சியில் இருப்பதையே தொட்டார்கள். ஆபீஸ் அனுமதித்த தொகையை மொத்த விலை முட்டிக்கொண்டு நின்றது. இருவரும் திருவிழாவுக்குப் போகிற பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள். பத்து மாதத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கீரையை மறந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொட்டி வந்தால் என்ன, இந்தச் சிரிப்பு வந்ததே என்று இருந்தது.

தம்பி தன் பையிலிருந்து அதே அளவுள்ள லேப்டாப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். கடைக்கு வந்த சரக்கு; மாமா தொட்டுப் பார்க்கட்டும் என்று கொண்டுவந்திருந்தான். மேசை ஒருமுறை முனகியது. மூன்றரைக் கிலோவாம். சார்ஜர் தனியாக ஒரு செங்கல் கனம்.

அவர் இடது கையால் மூடியைத் தூக்கினார். மூடி இறுக்கமாக இருந்தது. மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தது. வலது கை பைக்குள் இருந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் முழுப் பொட்டியும் எழுந்து, நழுவி, தொப்பென்று விழுந்தது. தம்பி சட்டென்று கை நீட்டி அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டான். "புதுசு, டைட்டா இருக்கு" என்றார் அவர். ஆமாம் ஆமாம், புதுசு என்றான் தம்பி, தேவைக்கு மேலேயே இரண்டு முறை.

பிறகு அவர் ஒரு தூணும் உத்திரமும் வரைந்து காட்டினார். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இடது கையை மட்டும் பார்த்தாள். மவுஸைப் பிடித்தது. மவுஸை விட்டது. கீபோர்டுக்கு ஓடி ஒரு கட்டையைத் தட்டியது. மறுபடி மவுஸுக்கு ஓடியது. அதற்குள் திரையில் அம்பு எங்கோ போயிருந்தது, தேடிப் பிடித்தது. நம்பர் போட கீபோர்டின் வலது கடைசிவரை ஓடியது. முன்பெல்லாம் வலது கை மவுஸில் இருக்க, இடது கை கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஒருவனே ஓடி ஓடிச் செய்தான்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கை தெரியும். பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக உதவியாளர். டாக்டரின் கண் நோயாளியின் வாயைவிட்டு நகராது, கை ஒரு சாண் தூரத்துக்கு மேல் போகாது. கை நீண்டால் அந்தக் கையில் அந்தக் கருவி இருக்க வேண்டும். அதை வைப்பதுதான் அவள் வேலை. தட்டில் ஒரு கண்ணாடி இடம் மாறி இருந்தாலே டாக்டர் முகம் சுண்டிப்போகும். வெளிநாட்டுக் கருவியா உள்நாட்டுக் கருவியா என்பதெல்லாம் பிறகு. கைக்கு எட்டுகிறதா என்பதுதான் முதல். இப்படி ஓடுகிற கையோடு மூன்று வாரத்தில் ஒரு கூரை முடியாது. அவருக்கே அது தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

தம்பியை வழியனுப்பப் படிக்கட்டு வரை போனாள். வாங்கிய பிறகு எதையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம், எதை முடியாது என்று கேட்டாள். அக்கா இப்படி ஒரு கேள்வி கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"ரேம் பின்னால சேர்க்கலாம். டிஸ்க்கும் சேர்க்கலாம், ஸ்க்ரூ டிரைவர் போதும். கார்டு, ஸ்க்ரீன், கீபோர்டு, உடம்பு இதெல்லாம் பொறந்ததுலேருந்து சாகற வரைக்கும் அதேதான்க்கா."

கீபோர்டில் வேறு என்ன வகை இருக்கிறது என்று கேட்டாள். நடுவில் சின்னக் குமிழ் வைத்த ஒன்று வரும் என்றான்; விரலால் குமிழைத் தள்ளினால் அம்பு நகரும், கீழே மூன்று பட்டன் இருக்கும், மவுஸே தேவையில்லை. ஆனால் அது பதினான்கு அங்குல மாடலில் மட்டும்தான், அதில் இந்தப் பெரிய கார்டு வராது. ரிட்டையர் ஆகப்போகிறவர்கள் பழக்கதோஷத்துக்குக் கேட்பது அது என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் குமிழைத் தெரியும்.

மகள் பிறந்த வருஷம் அவரிடம் ஆபீஸ் கொடுத்த ஒரு கறுப்பு லேப்டாப் இருந்தது. குழந்தை தோளில் போட்டால்தான் தூங்கும், கீழே விட்டால் வீறிடும். ஆறு மாதம் அவர் இடது தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி, மடியில் லேப்டாப்பை வைத்து வலது கையால் மட்டும் வரைந்தார். மேசை கிடையாது, மவுஸ் கிடையாது. ஆள்காட்டி விரல் குமிழில், கட்டைவிரல் நடுப் பட்டனில். முழுக் கட்டடமும் அந்த இரண்டு விரலுக்குச் சுற்றியது. அப்படி அவர் முடித்தது ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடைக் கூரை. அதைப் பற்றி மேஸ்திரி போன் செய்யவே இல்லை.

அந்த லேப்டாப்பை ஆபீஸ் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களும் தூக்கிப் போடவில்லை. பழைய சாமானைத் தூக்கிப் போடாத குணத்துக்காக அவர் அவளிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை அவர் பயிற்சிக்குப் போன நேரத்தில், அலமாரிக்கு மேல் போர்வை மூட்டைக்குப் பின்னாலிருந்து அவளே அதை இறக்கினாள். துடைத்தாள். சார்ஜரைக் குத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தாள். பேட்டரி செத்திருந்தது; வயரில் செருகி வைத்தால் மட்டும் உயிர் வந்தது. விமானம் கிளம்புவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு அது திறந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அவர் மேசையில் இருந்தார். பெரிய மாடல் சேமித்து வைத்தபடியே இருந்தது. அனுப்புகிற பட்டனை மட்டும் இன்னும் தொடவில்லை. அவள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"இதுல வரைஞ்சு பாருங்க. இடது கையால."

அவர் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் கல்லாகிவிட்டது. அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். அந்தப் பொட்டியைத் திறக்கவே இரண்டு கை வேண்டும், தூக்கிக்கொண்டு சைட்டில் ஏணி ஏற முடியாது, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஓடியே நாள் போய்விடும், ரேம் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், கீபோர்டைச் சேர்க்க முடியாது. யானை வாங்கிவிட்டு அங்குசத்தை விட்டுவிட்டு வருகிறீர்களே என்றுகூடச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அந்தச் சின்னதை நான் கேட்டா, அது ஆபீஸ் சிஸ்டம் அண்ணன்கிட்ட போகும். மேனேஜர்கிட்ட போகும். ஏன் இவன் பெருசு கொடுத்தும் சின்னது கேக்கறான்னு பார்ப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

"உனக்கென்ன, சொல்லிடுவ."

அவளுக்குக் கோபம் வந்தது. பத்து மாதமாக வராத கோபம். "மூணு வாரம் கழிச்சு எப்படியும் தெரியப்போகுது. அன்னைக்கு நீங்க அந்த ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல உக்கார மாட்டீங்க, வீட்டுக்கு வந்துடுவீங்க. வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு சுவத்தைப் பார்ப்பீங்க. அதை என்னால பார்க்க முடியாது. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கடிகாரம் மூன்றேகால் காட்டியபோது அந்தப் பழைய லேப்டாப்பின் காற்றாடி இரைச்சல் கேட்டது. அவள் குழாயை மூடினாள். ஒரு கட்டை தட்டும் சத்தம். இடைவெளி. இன்னொரு கட்டை. ஒரு முறை அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னது கேட்டது. அது நல்ல சகுனம். வேலை நடக்காத நாளில் அவர் திட்டமாட்டார்.

கதவோரமாக எட்டிப் பார்த்தாள். அந்த நடைமேடைக் கூரைதான் திரையில் இருந்தது. குமிழின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. இடது கையாகவும் இருந்ததால் அம்பு குடிகாரனைப் போல நடந்தது. கட்டைவிரல் நடுப் பட்டனைத் தேடி, பக்கத்துப் பட்டனை அமுக்கியது. கூரை தலைகீழாகப் போயிற்று. மறுபடி. மறுபடி. பிறகு கட்டைவிரல் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கூரை மெதுவாகத் திரும்பி, தன் அடிப்பக்கத்தைக் காட்டியது. கை நகரவில்லை. அதே இடத்தில் இருந்தபடியே நடுவிரல் ஒரு கட்டளையைத் தட்டியது. திரையில் ஒரு போல்ட் தன் துளையில் விழுந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு போல்ட். வலது கை பைக்குள் இல்லை. மேசைமேல் ஏறி, லேப்டாப்பின் ஓரத்தை மணிக்கட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் வேலை செய்துகொண்டிருந்தது. அவள் திரும்பி அடுப்படிக்கே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு அவர் கூப்பிட்டார். மகளின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. பதினான்கு அங்குலம், நடுத்தரக் கார்டு, குமிழ் வைத்த கீபோர்டு. ரேமுக்கு இரண்டு இடத்தில் ஒன்றைக் காலியாக விட்டிருந்தார், பின்னால் சேர்த்துக்கொள்ள. ஒன்றரைக் கிலோதான்.

"கார்டு சின்னது. பெரிய மாடல்லாம் கொஞ்சம் திணறும்" என்றார். பதினேழு அங்குல ஸ்க்ரீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அனுப்புகிற பட்டனை அழுத்தினார். போகவில்லை. கீழே புதிதாக ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது. அனுமதித்த தொகைக்குக் குறைவான மாடலைத் தேர்ந்தெடுத்தால் காரணம் எழுத வேண்டும் என்றது. அது ஆபீஸின் ஏற்பாடு. முன்பு ஒருவர் மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கச் சின்னதைக் கேட்டு வாங்கிவிட்டு, மூன்று வருஷம் அது ஹேங் ஆகிறது ஹேங் ஆகிறது என்று புலம்பியே எல்லார் உயிரையும் எடுத்தாராம். அன்றிலிருந்து இந்தக் கட்டம். காலியாக விட்டால் நகராது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சின்னதுதான் வசதி என்று போடலாம், தூக்கிக்கொண்டு போக எளிது என்று போடலாம். அவளுக்கே நாலைந்து காரணம் தோன்றியது, எல்லாம் உண்மையும்கூட. அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'என் வலது கை இனி வேலைக்கு ஆகாது. இடது கையால் மட்டும் வரைவேன். அதற்கு இந்தக் கீபோர்டு வேண்டும்.'

அவள் அந்த முதல் வரியை மறுபடி படித்தாள். மூன்று நாளாக இதற்காகத்தான் பாடுபட்டாள். இப்போது எழுத்தில் பார்க்க முடியவில்லை.

"'இப்போதைக்கு'ன்னு போடுங்களேன்" என்றாள். "இப்போதைக்கு ஆகாதுன்னு."

அவர் அவளுக்காக 'இனி'யை எடுத்துவிட்டு 'இப்போதைக்கு' என்று தட்டினார். படித்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். வலது கையை, அந்தக் கட்டைவிரலும் மணிக்கட்டும் மட்டும் கேட்கிற கையை, தூக்கி அவள் முழங்கை மேல் வைத்தார்.

"டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்த?"

அவள் தலையை ஆட்டினாள். இவரைச் சாமர்த்தியமாக வழிக்குக் கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்; கடைசிப் படியில் தயங்கி நின்றது அவள்தான். வாராவாரம் அண்ணியிடம் சொன்ன பொய் அண்ணிக்காக மட்டும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அழிச்சிடுங்க" என்றாள்.

அவர் திரும்பி, அந்த வார்த்தையைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 'இனி' என்று போட்டார். அனுப்பினார். ஐந்தாக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

ஐந்தே காலுக்கு சிஸ்டம் அண்ணன் கூப்பிட்டார். ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர்; சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவர். கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். படித்தேன் என்றார் சிஸ்டம் அண்ணன். பின்னால் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, அந்த மாடல் ஒண்ணு இங்க இருக்கு. ஒரு கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டுத் திறந்து பார்த்தேன். மூடி சுலபமாத்தான் திறக்குது. ஆனா சார்ஜர் ஓட்டை இடது பக்கம் இருக்கு, வயர் உன் கையை இடிக்கும். வலது பக்கமும் குத்தற மாதிரி ஒண்ணு இருக்கு, ஒரு வாரம் கூட ஆகும். அதை ஆர்டர் சொல்லவா?"

"சொல்லுங்கண்ணே" என்றார் அவர்.

மேசைக்கு ஒரு பெரிய ஸ்க்ரீன் தனியாகப் போட்டுத் தருகிறேன், தொகையில் மிச்சம் இருக்கிறது என்றார் சிஸ்டம் அண்ணன். பழைய லேப்டாப் இன்னும் ஓடுவதையும் அதன் குமிழ் தேய்ந்திருப்பதையும் கணவர் சொன்னதும், புதுசு வரும்வரை அதிலேயே கை பழகிக்கொள், தேய்ந்த குமிழுக்கு மாற்று ரப்பர் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, ஆள் அனுப்பு என்றும் சொன்னார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை வைத்த பிறகு கணவர் வெகுநேரம் அந்தத் தேய்ந்த குமிழையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சரியாக ஆறு மணிக்கு அவள் போன் அடித்தது. அண்ணிதான். வெயில், விலைவாசி, மகளின் பரீட்சை எல்லாம் விசாரித்துவிட்டு, வழக்கமான இடத்துக்கு வந்தார். "தம்பிக்குக் கை எப்படி இருக்கு? வருதா?"

வாய் வரைக்கும் அந்தப் பழைய பதில் வந்துவிட்டது. அவள் மேசைப் பக்கம் பார்த்தாள். அவர் திரையிலிருந்து நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வராது அண்ணி" என்றாள். "முதல் தேதி வேலைக்குப் போறாரு."

அந்தப் பக்கம் அண்ணி அழ ஆரம்பித்தார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழட்டும் என்று நின்றாள். மேசையில் நடைமேடைக் கூரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஒரு கட்டை தட்டும் சத்தம் கேட்டது, உடனே இன்னொன்று.